பல விமானம், ஒரே ரேடியோ: மாடல்களை ஒழுங்காக அடுக்க முழுமையான வழிகாட்டி

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ரேடியோவால் இயக்கும் சிறு விமானங்களோடு வற்றிய ஏரித்தரையில் நாங்கள் நாலு பேர். பயிற்சி விமானத்தை இரண்டு தடவை பறக்கவிட்டு இறக்கிய பிறகு டெல்டாவை, அதாவது வால் இல்லாத முக்கோண இறக்கை விமானத்தை, எடுத்தேன். பேட்டரி போட்டேன், ரிசீவர் விளக்கு எரிந்தது, த்ராட்டில் கொடுத்தால் மோட்டாரும் சுற்றியது. நண்பர் கையால் எறிந்தார். கொஞ்ச தூரம் போனதும் தூக்குவதற்காக எலிவேட்டரை இழுத்தேன். வலது மடல் மட்டும் எழுந்தது. விமானம் வலப்பக்கம் உருண்டு மூக்கால் குத்தியது. ரேடியோவில் இன்னும் பயிற்சி விமானத்தின் மாடல்தான் இருந்தது. மாடல் என்பது ஒவ்வொரு விமானத்துக்கும் ரேடியோவில் தனியாகச் சேமித்து வைக்கும் அமைப்பு.

டெல்டாவுக்கு எலிவான் மிக்ஸ் வேண்டும், அதாவது உருட்டும் கட்டளையையும் மூக்கைத் தூக்கும் கட்டளையையும் கலந்து இரண்டு மடல்களுக்கும் கொடுப்பது. பயிற்சி விமானத்தின் மாடலில் அது கிடையாது. ஆனால் மோட்டார் இரண்டுக்கும் ஒரே சேனலில் (ஒரு கட்டளை போகும் வழி) இருந்ததால், எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரிந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அந்த ரேடியோவால் இந்தத் தவறைத் தடுத்திருக்க முடியும். தடுக்கும்படி நான் அதை அமைத்து வைக்கவில்லை, அவ்வளவுதான். அன்று மாலை பழைய மாடல்களை எல்லாம் நகல் எடுத்து வைத்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி கட்டினேன். அப்படிக் கட்டிய முறைதான் கீழே இருப்பது.

என்னிடம் இருப்பது ரேடியோமாஸ்டர் டிஎக்ஸ்16எஸ். அதில் எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருள், இணைப்புக்கு எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ். எட்ஜ்டிஎக்ஸ் என்பது ஓபன்டிஎக்ஸிலிருந்து 2021-இல் கிளை பிரிந்து வந்த திறந்த மூல மென்பொருள். ரேடியோமாஸ்டரின் பாக்ஸர், பாக்கெட், ஸாரோ, ஜம்பரின் ரேடியோக்கள் எல்லாம் இதே மென்பொருளில் ஓடுவதால், திரை சின்னதானாலும் வழி ஒன்றுதான். ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 போல 20 மாடல் நினைவகம் உள்ள எளிய ரேடியோ வைத்திருப்பவர்களும் சுவிட்ச் வரைபடம், தரைச் சோதனை, குறிப்பேடு ஆகிய பகுதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில்: எது ரேடியோவில், எது மாடலில்

எட்ஜ்டிஎக்ஸ் இரண்டு அடுக்காக நினைவில் வைக்கிறது. ஸ்டிக் அளவுத்திருத்தம், ஸ்டிக் மோடு, ரேடியோவின் சொந்த பேட்டரி எச்சரிக்கை, ஒலி அளவு போன்றவை ரேடியோ முழுவதற்கும் பொது. எஸ்டி அட்டையில் 'ரேடியோ' என்ற கோப்புறையில் ஒரே கோப்பாக இவை இருக்கும். மிக்ஸ், ரேட் (ஸ்டிக்குக்கு மடல் எவ்வளவு அசையும் என்பது), ட்ரிம் (நடு நிலையின் சின்னச் சரிசெய்தல்), டைமர், டெலிமெட்ரி சென்சார் (விமானத்திலிருந்து ரேடியோவுக்கு வரும் அளவீடுகள்), ரிசீவர் எண் எல்லாம் மாடலுக்கு மாடல் தனி. அவை 'மாடல்ஸ்' கோப்புறையில், மாடலுக்கு ஒரு கோப்பு என்ற கணக்கில் இருக்கும். எட்ஜ்டிஎக்ஸில் இவை எல்லாம் யாம்ல் வடிவத்தில் உள்ள வெறும் எழுத்துக் கோப்புகள். கணினியில் திறந்தால் படிக்க முடியும்.

இந்தப் பிரிவைப் புரிந்துகொள்ளாமல் வேலையைத் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். ஓர் உதாரணம்: ரேடியோ அமைப்பில் 'இயல்பான சேனல் வரிசை' என்று ஒன்று இருக்கிறது. அதை எய்லரான் (உருட்ட), எலிவேட்டர் (மூக்கைத் தூக்க, இறக்க), த்ராட்டில் (மோட்டார் வேகம்), ரட்டர் (மூக்கை இடவலம் திருப்ப) என்ற வரிசைக்கு மாற்றினால், இனிமேல் உருவாக்கும் மாடல்களுக்கு மட்டுமே அது பொருந்தும். ஏற்கெனவே உள்ள மாடல்கள் பழைய வரிசையிலேயே இருக்கும். பாதி மாடல்கள் ஒரு வரிசையிலும் மீதி இன்னொன்றிலும் இருந்தால், ரிசீவரை ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நாளில் சர்வோ (மடலை அசைக்கும் சிறு மோட்டார்) ஒயர்களை எல்லாம் இடம் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் பயன்படுத்துபவர்கள் மேலே சொன்ன வரிசையையே முதல் நாளிலேயே வைத்துவிடுங்கள். நான் முதலிலிருந்து கட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லா மாடலுக்கும் வேண்டியதை 'குளோபல் ஃபங்ஷன்' பகுதியில் ஒரே முறை எழுதலாம். என் ரேடியோவில் இடது குமிழ் ஒலி அளவுக்கு. இது குளோபலில் இருப்பதால் எந்த மாடலிலும் திரும்ப எழுத வேண்டியதில்லை.

சுவிட்ச் வரைபடம்: ரேடியோவைத் தொடும் முன், தாளில்

என்னைப் பொறுத்தவரை மொத்த வேலையிலும் முக்கியமானது இதுதான். மாடல்களை அடுக்குவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அடுக்குவது நம் விரல்களின் பழக்கத்தை. விமானம் தலைகீழாகும் அரை நொடியில் 'இந்த மாடலில் மோட்டாரை நிறுத்துவது எந்த சுவிட்ச்?' என்று யோசிக்க நேரம் இருக்காது. விரல் தானாகப் போக வேண்டும். எல்லா விமானத்திலும் அந்த இடம் ஒன்றாக இருந்தால்தான் விரல் தானாகப் போகும்.

ஒரு தாளில் ரேடியோவின் முகத்தை வரையுங்கள். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரே ஒரு வேலையை எழுதுங்கள். என்னுடையது இப்படி: இடது தோளில் உள்ள இரண்டு நிலை எஸ்எஃப் மோட்டார் பூட்டு. எஸ்பி மூன்று நிலை ரேட். எஸ்ஜி ஃப்ளாப் (மெதுவாக இறங்க உதவும் மடல்). எஸ்ஏ, ஃப்ளைட் கன்ட்ரோலர் அல்லது ஜைரோ (விமானத்தைத் தானே நிலைப்படுத்தும் கருவி) உள்ள விமானங்களில் பறக்கும் முறை. எஸ்டி பயிற்சியாளர் இணைப்பு. வலது தோளில் அழுத்தினால் மட்டும் இயங்கி விட்டதும் திரும்பிவிடும் எஸ்எச், டைமரைத் திருப்பி வைக்க.

ஃப்ளாப் இல்லாத விமானத்தில் எஸ்ஜி சும்மா இருக்கட்டும். 'காலியாகத்தானே இருக்கிறது' என்று அதை வேறு வேலைக்குக் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்த ஒரு மாடல் போதும், மொத்த வரைபடமும் பயனற்றுப் போகும். நிலைகளின் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் வைத்திருப்பது: சுவிட்சுகள் எல்லாம் மேலே, அதாவது என்னை விட்டு விலகி இருந்தால் விமானம் மிகப் பாதுகாப்பான நிலையில். மோட்டார் பூட்டியிருக்கும், ரேட் குறைவு, ஃப்ளாப் மூடியிருக்கும், ஜைரோ இருந்தால் தானே நேராக்கும் முறையில் இருக்கும். களத்தில் எதுவும் சந்தேகமாக இருந்தால் எல்லாவற்றையும் மேலே தள்ளிவிடலாம்.

தாய் மாடல்

இப்போது ரேடியோ. ஒரு புதிய மாடலைத் திறந்து 'தாய்' என்று பொருள்படும்படி ஒரு பெயர் வையுங்கள். இதற்கு எந்த ரிசீவரையும் பைண்ட் செய்யக் கூடாது, அதாவது ரேடியோவோடு இணைக்கக் கூடாது. இதைக் கொண்டு எதையும் பறக்கவிடப் போவதில்லை. மற்றவை எல்லாம் இதிலிருந்து பிறக்கும்.

இன்புட் பக்கத்தில் எய்லரான், எலிவேட்டர், ரட்டர் மூன்றுக்கும் ரேட் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி: எஸ்பி மேலே இருந்தால் எடை 60, நடுவில் 80, கீழே 100. எக்ஸ்போ (நடுப்பகுதியில் ஸ்டிக்கின் அசைவை மென்மையாக்குவது) மூன்றிலும் 30 வைத்துத் தொடங்கலாம். இன்புட் பக்கத்தில் ஒரே நேரத்தில் ஒரு வரிதான் வேலை செய்யும். மேலிருந்து பார்த்து முதலில் பொருந்துவதை ரேடியோ எடுத்துக்கொள்ளும். மிக்ஸ் பக்கம் அப்படியல்ல. அங்கே ஒரே சேனலில் உள்ள வரிகள் இயல்பாக ஒன்றோடொன்று கூட்டப்படும். எலிவான் மிக்ஸ் வேலை செய்வதே இந்தக் கூட்டலால்தான்.

அடுத்து மோட்டார் பூட்டு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். சுவிட்ச் மேலே இருந்தால் மோட்டார் நிற்க வேண்டும் என்பது மட்டும் போதாது. த்ராட்டில் ஸ்டிக் பாதியில் இருக்கும்போது தெரியாமல் பூட்டைத் திறந்தாலும் மோட்டார் சுற்றக் கூடாது. அதற்கு மூன்று லாஜிக்கல் சுவிட்சுகள் (நிபந்தனை நிறைவேறினால் தானாக இயங்கும் மென்பொருள் சுவிட்சுகள்) வேண்டும்.

1. முதலாவது: த்ராட்டில் ஸ்டிக்கின் மதிப்பு −95-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பது. மூலமாக ஸ்டிக்கைத்தான் தர வேண்டும். 3-ஆம் சேனலைத் தர வேண்டாம்.
2. இரண்டாவது: எஸ்எஃப் கீழே இருக்க வேண்டும், முதலாவதும் உண்மையாக இருக்க வேண்டும் என்ற 'அண்ட்' நிபந்தனை.
3. மூன்றாவது: 'ஸ்டிக்கி' வகை. இரண்டாவது உண்மையானதும் இது ஒட்டிக்கொள்ளும். எஸ்எஃப் மேலே போனால் விட்டுவிடும்.

பிறகு ஸ்பெஷல் ஃபங்ஷன் பக்கத்தில், மூன்றாவது சுவிட்ச் இயங்காதபோது த்ராட்டிலின் 3-ஆம் சேனலை −100-க்கு ஓவர்ரைடு செய்யச் (அந்த மதிப்பிலேயே பிடித்து வைக்கச்) சொல்லுங்கள். அந்த வரியின் வலது ஓரத்தில் உள்ள அனுமதிப் பெட்டியை டிக் செய்ய மறக்க வேண்டாம். அது விடுபட்டால் வரி இருக்கும், வேலை நடக்காது. இன்னொன்று: அவுட்புட் பக்கத்தில் த்ராட்டிலைத் திசை திருப்பி வைத்திருக்கும் விமானம் ஏதாவது இருந்தால், −100 என்பது நிறுத்தமா முழு வேகமா என்பதை ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு சேனல் மானிட்டரில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ்-இல் 5-ஆம் சேனல் 'ஆர்ம்' (மோட்டார் ஓடத் தயார்) நிலைக்கென்று ஒதுக்கப்பட்டது. அதை இரண்டு நிலைச் சுவிட்சாகத்தான் அது கையாள்கிறது. அங்கே ஃப்ளாப்பையோ குமிழையோ வைத்தால் நடு நிலைகள் ஒழுங்காகப் போய்ச் சேராது. தாய் மாடலில் 5-ஆம் சேனலின் மூலமாக அந்த மூன்றாவது லாஜிக்கல் சுவிட்சையே வைத்துவிடுங்கள். மோட்டார் திறந்தால் ஆர்ம், பூட்டினால் இல்லை. ஃப்ளாப் 6-ஆம் சேனலுக்குப் போகட்டும்.

டைமர் இரண்டு. ஒன்று, த்ராட்டில் உயர்ந்திருக்கும்போது மட்டும் ஓடும் இறங்கு டைமர். 5 நிமிடத்தில் தொடங்கி, விமானத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது, ரேடியோவை அணைத்தாலும் அழியாத ஏறு டைமர். அந்த விமானம் இதுவரை மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்தது என்பது இதில் சேரும். சர்வோ, கீல், லிங்கேஜ் எல்லாம் எப்போது தேயும் என்று ஊகிக்க இது ரொம்ப உதவுகிறது.

பேட்டரி எச்சரிக்கை. 3 செல் லைப்போ முழுச் சார்ஜில் 12.6 வோல்ட். சுமையில் செல்லுக்கு 3.5, அதாவது 10.5 வோல்ட்டுக்குக் கீழே 2 நொடி இருந்தால் குரல் வர வேண்டும். அந்த 2 நொடித் தாமதம் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை முழு த்ராட்டில் கொடுக்கும்போதும் கத்தும். பிறகு நாம் அதைக் காதில் வாங்க மாட்டோம். 4 செல் விமானத்துக்கு 14.0. தாய் மாடலில் 3 செல்லுக்கு எழுதி வைத்து, நகல் எடுத்தபின் எண்ணை மட்டும் மாற்றுகிறேன்.

கடைசியாக, மாடலைத் திறக்கும்போது ரேடியோ செய்யும் சோதனைகள். த்ராட்டில் ஸ்டிக் கீழே இல்லையென்றால் எச்சரிக்கை, சுவிட்சுகள் மேலே இல்லையென்றால் எச்சரிக்கை. இரண்டையும் இயக்கி வையுங்கள். இவை தொந்தரவாக இருக்கிறதென்று அணைத்து வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அணைக்காதீர்கள்.

தாய் மாடல் முடிந்ததும், வண்ணத் திரை ரேடியோக்களில் மாடல் பட்டியலில் அதை அழுத்திப் பிடித்தால் 'டெம்ப்ளேட்டாகச் சேமி' என்று வரும். புதிய மாடல் உருவாக்கும்போது இதைத் தேர்ந்தெடுக்கலாம். சிறு திரை ரேடியோக்களில் மாடலை நகலெடுக்கும் வசதியே போதும்.

நகலிலிருந்து விமானம் வரை

வால், எய்லரான் எல்லாம் உள்ள சாதாரண விமானத்துக்குத் தாய் மாடலின் நகலே ஏறக்குறைய போதும். சர்வோ திசையை அவுட்புட் பக்கத்தில் சரி செய்தால் முடிந்தது. திசையை மிக்ஸ் பக்கத்தில் எதிர்மறை எண் போட்டுத் திருப்ப வேண்டாம். மிக்ஸில் விமானத்தின் இயல்பு இருக்கட்டும், அவுட்புட்டில் சர்வோவின் இயல்பு. ஆறு மாதம் கழித்து ஒரு சர்வோவை மாற்றும்போது எங்கே போய்த் தொட வேண்டும் என்பது அப்போதுதான் தெளிவாக இருக்கும்.

டெல்டாவுக்கு 1-ஆம் சேனலில் எய்லரானும் எலிவேட்டரும் கூட்டல். 2-ஆம் சேனலில் எலிவேட்டர் கூட்டல், எய்லரான் கழித்தல். எடை ஒவ்வொன்றுக்கும் 50-இல் தொடங்குங்கள். இரண்டையும் 100 வைத்தால், ஸ்டிக்கை மூலைக்குத் தள்ளும்போது கூட்டுத்தொகை 200 ஆகி, சர்வோ எல்லையில் போய் நின்றுவிடும். அந்த நேரத்தில் உருளுவதற்கோ மூக்கைத் தூக்குவதற்கோ மிச்சம் எதுவும் இருக்காது. வி வடிவ வால் உள்ள வி-டெயிலுக்கும் இதே கணக்கு, எய்லரானுக்குப் பதில் ரட்டர். மோட்டார் உள்ள கிளைடருக்கு, த்ராட்டில் சேனலில் ஸ்டிக்குக்குப் பதில் சுவிட்ச் வைப்பவர்கள் உண்டு. அப்படி வைத்தாலும் எஸ்எஃப் பூட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள். முதல் லாஜிக்கல் சுவிட்சில் மூலத்தை மட்டும் அந்தச் சுவிட்சுக்கு மாற்றினால் போதும்.

நகலெடுத்ததும் செய்ய வேண்டிய சில வேலைகள் கண்ணில் படாமல் போகும். அழியாத டைமரில் பழைய மணிக்கணக்கு வந்திருக்கும், பூஜ்யமாக்குங்கள். பறந்த ஒரு மாடலிலிருந்து நகலெடுத்திருந்தால் ட்ரிம்களும் கூடவே வந்திருக்கும், அவற்றையும் பூஜ்யமாக்குங்கள். டெலிமெட்ரி சென்சார்களை அழித்துவிட்டு, அந்த விமானத்தின் ரிசீவரை இயக்கிப் புதிதாகக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், ரிசீவர் எண்.

ரிசீவர் எண்ணும் மாடல் மேட்சும்

என் டெல்டாவைக் காப்பாற்றியிருக்கக்கூடியது இதுதான். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ்-இல் ஒரே பைண்டிங் வாசகத்தை எல்லா ரிசீவருக்கும் கொடுத்துவிட்டால், எல்லாமே அந்த ரேடியோவுடன் தானாக இணைந்துவிடும். பெரிய வசதி. ஆனால் அதன் மறுபக்கம், எந்த மாடல் திறந்திருந்தாலும் எந்த விமானமும் கீழ்ப்படியும். மேசையில் இரண்டு விமானங்களுக்குப் பேட்டரி போட்டிருந்தால், ஒன்றின் மோட்டாரைச் சோதிக்கும்போது இன்னொன்றின் ப்ரொப்பெல்லரும் சுற்றும். பக்கத்தில் விரல் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்குத் தீர்வு மாடல் மேட்ச். மாடல் அமைப்பில், உள் ஆர்எஃப் (ரேடியோவுக்குள்ளேயே இருக்கும் அனுப்பும் மாட்யூல்) பகுதியில், ரிசீவர் எண் என்று 0 முதல் 63 வரை ஒன்றைத் தரலாம். அந்த எண் வேறு மாடலிலும் இருந்தால் ரேடியோவே சொல்லிவிடும். ஒவ்வொரு விமானத்துக்கும் தனி எண் கொடுங்கள். பிறகு வரிசையாக:

1. மற்ற எல்லா விமானங்களின் பேட்டரியையும் கழற்றுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் இயங்க வேண்டும். ப்ரொப்பெல்லர் இல்லாமல்.
2. அதற்குரிய மாடலைத் திறந்து, இணைப்பு வரும் வரை பொறுங்கள்.
3. ரேடியோவிலேயே ஓடும் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் லுவா நிரலைத் திறந்து, மாடல் மேட்சை 'ஆன்' செய்யுங்கள். அந்த நொடியில் ரேடியோ தன் எண்ணை ரிசீவருக்கு அனுப்பி எழுதிவிடும்.
4. சோதனை: வேறொரு மாடலைத் திறங்கள். இணைப்பு வரும், ஆனால் மடல்கள் அசையக் கூடாது. ரிசீவர் விளக்கு மும்மூன்று முறையாகச் சிமிட்டி நிறுத்தி நிறுத்திக் காட்டும். லுவா திரையிலும் மாடல் பொருந்தவில்லை என்று வரும்.

முதல் படி ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், இணைப்பில் இரண்டு ரிசீவர்கள் இருக்கும்போது 'ஆன்' செய்தால் இரண்டிலும் ஒரே எண் எழுதப்படும். அப்புறம் அந்த இரண்டையும் பிரிக்க மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

இன்னொரு விஷயம் பலரைத் திகைக்க வைக்கிறது. பாக்கெட் ரேட் (நொடிக்கு எத்தனை தடவை தரவு அனுப்புவது), அனுப்பும் திறன் போன்ற லுவா அமைப்புகளை அந்த மாட்யூல் ரிசீவர் எண்வாரியாகவே நினைவில் வைக்கிறது. எண்ணை 4-இலிருந்து 9-க்கு மாற்றினால், 9-ஆம் எண்ணில் முன்பு என்ன இருந்ததோ அது வரும். எண்ணை மாற்றியபின் லுவா பக்கத்தை மறுபடி ஒரு முறை முழுதாகப் பாருங்கள்.

ஃப்ரைஸ்கையின் டி16 ரிசீவர்களில் இந்த எண் பைண்ட் செய்யும்போதே பதிந்துவிடும். வேறு எண்ணுக்கு அது அசையாது. பழைய டி8 முறையில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஸ்பெக்ட்ரம் ரேடியோக்களில் மாடல்மேட்ச் என்ற பெயரிலேயே இருக்கிறது. உங்கள் ரேடியோவில் இப்படி எதுவும் இல்லையென்றால், பெயரும் குரலும் தரைச் சோதனையும்தான் காவல். அவற்றில் ஒன்றைக்கூட விடாதீர்கள்.

பெயர், லேபிள், படம், குரல்

பெயரின் தொடக்கத்தில் ரிசீவர் எண்ணை வையுங்கள்: 04 டெல்டா, 07 கிளைடர் என்று. அதே எண்ணைப் பெரிதாக எழுதி விமானத்தின் பேட்டரிக் கதவுக்குள் ஒட்டுங்கள். பேட்டரி போடும் கை அந்த எண்ணைப் பார்க்காமல் போக முடியாது. சிறு திரைகளில் நீளமான பெயர் அடங்காது, அதனால் கம்பெனிப் பெயர், இறக்கை நீளம் எல்லாம் வேண்டாம்.

வண்ணத் திரையில் எட்ஜ்டிஎக்ஸ் 2.8 முதல் லேபிள் வசதி இருக்கிறது. நான் வகைப்படி லேபிள் போடவில்லை. 'இப்போது பறப்பது', 'பழுதில் இருப்பது', 'சிமுலேட்டர்' என்று மூன்றே மூன்று. களத்துக்குப் போகும்போது முதல் லேபிளை மட்டும் திறந்தால் ஆறு மாடல்கள்தான் தெரியும். தேர்வில் தவறு நேரும் இடமே குறைந்துவிடுகிறது. 'இமேஜஸ்' கோப்புறையில் விமானத்தின் சொந்தப் புகைப்படத்தைச் சின்ன அளவில் போட்டு மாடலுக்குக் கொடுங்கள். கடை விளம்பரப் படம் வேண்டாம். உங்கள் விமானத்தில் நீங்கள் ஒட்டிய நிறம்தான் கண்ணுக்குப் பழக்கம்.

குரல்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ரேடியோவின் எழுத்துருவில் தமிழ் இல்லை, திரையில் தமிழில் எழுத முடியாது. ஆனால் பேச வைக்க யாரும் தடை சொல்லவில்லை. கைபேசியில் பதிவு செய்து, மோனோ, 16 பிட், 32 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக மாற்றி, ஆறு எழுத்துக்குள் பெயர் வைத்து, 'சவுண்ட்ஸ்' கோப்புறைக்குள் நீங்கள் பயன்படுத்தும் மொழியின் உள்கோப்புறையில் போடுங்கள். ஸ்பெஷல் ஃபங்ஷனில் 'ஆன்' என்ற நிபந்தனைக்கு அந்தக் கோப்பை ஒரு முறை ஒலிக்கச் சொன்னால், மாடலைத் திறந்ததும் பெயரைச் சொல்லும். என் மாடல்களுக்கெல்லாம் மகள் பேசியிருக்கிறாள். 'டெல்டா, நாலாம் நம்பர்' என்று அவள் குரல் வந்தால் கை தானாக விமானத்தின் எண்ணைத் தேடுகிறது. ஓர் ஆங்கில இயந்திரக் குரல் என்னை அப்படி நிமிர்ந்து பார்க்க வைத்ததில்லை. 'மோட்டார் திறந்திருக்கு', 'பேட்டரி இறக்கு' என்ற இரண்டையும்கூட அவளே பேசியிருக்கிறாள்.

ஃபெயில்சேஃப்

இணைப்பு அறுந்தால் விமானம் என்ன செய்ய வேண்டும் என்பதை மாடலுக்கு மாடல் தீர்மானிக்க வேண்டும். தாய் மாடலிலிருந்து இது தானாக வந்துவிடும் என்று நம்பக் கூடாது. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ்-இன் பிடபிள்யூஎம் ரிசீவர்களில் (சர்வோக்களை நேரடியாகச் செருகுபவை) இந்த மதிப்புகள் ரிசீவரிலேயே இருக்கின்றன. ரேடியோவை அணைத்து ரிசீவரை மட்டும் இயக்கி 60 நொடி பொறுத்தால் அதன் வைஃபை வரும். அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு பின்னுக்கும் மதிப்பு தரலாம். மோட்டார் நிற்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. மடல்கள் நடுவில், அல்லது பெரிய வட்டமாகச் சரியும்படி மிகச் சிறிதாக ஒரு பக்கம்.

சோதிக்கும் முறை: ப்ரொப்பெல்லரைக் கழற்றுங்கள், மோட்டாரைக் கால்வாசி வேகத்தில் ஓடவிட்டு ரேடியோவை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். ரேடியோவை மறுபடி இயக்கும்போது மோட்டார் தானாகத் தொடங்கவும் கூடாது. மேலே சொன்ன ஸ்டிக்கி பூட்டு அதையும் பார்த்துக்கொள்ளும்.

தரைச் சோதனை

ஒவ்வொரு பறப்புக்கும் முன்னால், ஒவ்வொரு முறையும். விமானத்தின் பின்னால் நின்று, அது பார்க்கும் திசையிலேயே நீங்களும் பாருங்கள். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே, இடது கீழே. எலிவேட்டர் ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே; டெல்டாவானால் இரண்டு மடலும் சேர்ந்து மேலே. ரட்டர் வலம் என்றால் ரட்டரின் பின் ஓரம் வலப்பக்கம். 'அசைகிறது' என்பது சோதனை ஆகாது, எந்தப் பக்கம் அசைகிறது என்பதுதான் சோதனை. அன்று ஏரித்தரையில் நான் இதைச் செய்திருந்தால் பத்து நொடியில் தெரிந்திருக்கும்.

எட்ஜ்டிஎக்ஸில் மாடலுக்கென ஒரு குறிப்புக் கோப்பும் வைக்கலாம். மாடலின் பெயரிலேயே ஒரு எழுத்துக் கோப்பை 'மாடல்ஸ்' கோப்புறையில் போட்டு, செக்லிஸ்ட் காட்டு என்பதை இயக்கினால், மாடலைத் திறக்கும்போது திரையில் வரும். நான் அதில் நாலு வரிக்கு மேல் எழுதுவதில்லை: பேட்டரி எது, ஈர்ப்பு மையம் இறக்கை முன்விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர், இறக்கை போல்ட், அந்த விமானத்துக்கே உரிய ஒரு பலவீனம். நீளமாக எழுதினால் படிக்காமல் பொத்தானை அழுத்திவிடுவோம்.

பறந்த பிறகு

முதல் பறப்பில் ட்ரிம் நிறைய போட வேண்டியிருந்தால், அதை ரேடியோவில் அப்படியே விடாதீர்கள். தரையில் லிங்கேஜைச் சரி செய்து ட்ரிமை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றிரண்டு கிளிக் மிச்சமிருந்தால் 'ட்ரிம்களைச் சப்ட்ரிமுக்கு மாற்று' என்ற வசதி அவுட்புட் பக்கத்தில் இருக்கிறது. ட்ரிம் எல்லாம் நடுவில் இருந்தால், கை பட்டு ஒன்று நகர்ந்திருந்தாலும் திரையைப் பார்த்ததும் தெரியும்.

ஒரு குறிப்பேட்டில் விமானத்துக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். ரிசீவர் எண், ரிசீவர் வகை, சேனல்கள், மடல் எத்தனை மில்லிமீட்டர் அசைகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தது, ஃபெயில்சேஃப் சோதித்த தேதி. சதவீதத்தை எழுதுவதில் பயனில்லை; சர்வோ ஹார்னின் துளையை மாற்றினால் அதே 60 வேறு அசைவாகிவிடும்.

ரிசீவரை ஒரு விமானத்திலிருந்து கழற்றி இன்னொன்றில் போட்டால், மாடல் மேட்சைப் புதிய எண்ணோடு மறுபடி எழுத வேண்டும். பழைய விமானத்தின் மாடலை அன்றே 'பழுதில் இருப்பது' லேபிளுக்கு நகர்த்திவிடுங்கள். உடைந்துபோன, இனி கட்டவே போவதில்லை என்ற விமானத்தின் கோப்பைக் கணினியில் சேமித்துவிட்டு ரேடியோவிலிருந்து எடுத்துவிடலாம்.

நகல் எடுப்பது எளிது. ரேடியோவை யுஎஸ்பி வழியாகக் கணினியில் இணைத்து, சேமிப்பகமாகத் திறந்து, 'மாடல்ஸ்', 'ரேடியோ', 'சவுண்ட்ஸ்', 'இமேஜஸ்' நான்கு கோப்புறைகளையும் தேதி போட்ட ஒரு கோப்புறைக்குள் இழுத்துப் போட்டால் சரி. மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். புதிய பதிப்பு பழைய மாடல்களைத் தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். பிடிக்கவில்லை என்று பழைய பதிப்புக்குத் திரும்பினால், மாற்றப்பட்ட கோப்புகளை அது சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது. பழைய நகல்தான் கைகொடுக்கும். புதுப்பித்த பிறகு முதல் தடவை ஒவ்வொரு மாடலையும் ப்ரொப்பெல்லர் இல்லாமல் திறந்து, பூட்டு, திசை, ஃபெயில்சேஃப் மூன்றையும் பாருங்கள். என் ஆறு விமானங்களுக்கும் சேர்த்து இது ஒரு மாலை வேலை. மகள் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு எண்ணைப் படிப்பாள், நான் ஸ்டிக்கை அசைப்பேன், சரியாக இருந்தால் டிக் போடுவாள்.